நெஞ்சுக்குள் போனது மருந்தா, உப்புத்தண்ணியா?

என் அத்தானுக்கு,

உலையை இறக்கி வைத்துவிட்டு, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உங்கள் ரெஜினா எழுதுகிறேன். அங்கே நெஞ்சு வலிக்காமல் இருக்கிறீர்களா? மூச்சு வாங்காமல் நாலு எட்டு நடக்க முடிகிறதா?

நீங்கள் இருந்த காலத்தில் உங்களுக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. விடியுமுன் வல்லம் ஏறிக் கடலுக்குப் போவீர்கள், சோற்று வேளைக்குத் திரும்பி வந்துவிடுவீர்கள். இதற்கு நடுவே கடிதத்துக்கு என்ன வேலை? இப்போது கல்லறைத் திருநாள் வருகிறது. இறந்தவர்களுக்கு வீட்டு ஆட்கள் எழுதித் தந்தால் கோயில் மாத இதழில் போடுவோம் என்று சொன்னார்கள். "நீ சொல்லும்மா, நான் எழுதுதேன்" என்றாள் நம் மகள் பிரின்சி. நான் விடவில்லை. அஞ்சாம் வகுப்பு படித்த எனக்கு எழுதத் தெரியும், நீ பிழையை மட்டும் திருத்து என்று சொல்லிவிட்டேன். அதனால் இதை ஊரே படிக்கும். படிக்கட்டும். நம் தெருவில் பாதிப்பேர் கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கப் போகிறவர்கள். அவர்களுக்கும் தெரிய வேண்டியதுதான் இது.

மதுரையில் உங்களுக்கு வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது அத்தான். அந்த ஆராய்ச்சி முடிந்துவிட்டதாம். உங்கள் நெஞ்சுக்குள் விட்டது நிஜ மருந்தா, வெறும் உப்புத்தண்ணியா என்று இனிமேல் சொல்லலாமாம். விருப்பம் இருந்தால் வீட்டு ஆட்கள் நேரில் வந்து கேட்டுக்கொள்ளலாமாம்.

எனக்கு விருப்பம் இல்லை. மண்ணுக்குள் வைத்த பிறகு எதுவாக இருந்தால் என்ன? ஆனால் என் தம்பி சூசைக்கு அது வேண்டியிருந்தது. ஏன் வேண்டியிருந்தது என்று உங்களுக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்காக அன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்ப் பக்கம் கடலில் குளிக்கிறவனுடைய காற்றுக்குழாயை வல்லத்திலிருந்து பிடிக்கிறவன், முடிந்தவரை அவன் பெண்சாதியின் கூடப்பிறந்தவனாகத்தான் இருப்பான். முத்துக் குளித்த காலத்தில் கயிறு பிடித்ததும் அவன்தானாம். அக்காள் தாலி மேல் அவனுக்கு உள்ள அக்கறை வேறு யாருக்கு வரும்? நம் கல்யாணம் முடிந்த மறுமாதமே சூசை உங்கள் வல்லத்தில் ஏறினான். அதுவரை அவனும் குளித்துக்கொண்டிருந்தவன்தான். உங்கள் குழாய்க்காகக் குளிப்பதை விட்டான்.

அன்றைக்கு நீங்கள் மேலே வந்ததும் வல்லத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைத் தடவினீர்களாம். இடது தோள் கடுக்கிறது என்றீர்களாம். ஆழத்தில் ரொம்ப நேரம் இருந்துவிட்டு வெடுக்கென்று ஏறினால் மூட்டில், தோளில், நெஞ்சில் காற்று பிடித்துக்கொள்ளும். குளிக்கிற எல்லாருக்கும் அது தெரியும். அதற்கு நம் ஆட்கள் பார்க்கிற வைத்தியமும் தெரியும். வலிக்கிறவனைத் திரும்பவும் பாதி ஆழத்துக்கு இறக்கி, நிறுத்தி நிறுத்தி மெள்ள ஏற்றுவார்கள். அவனும் குளித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒருமுறை சூசைக்கு வலது கை விளங்காமல் போனபோது நீங்கள்தான் அவனை அப்படி இறக்கினீர்கள். கூடவே இறங்கி நின்று, கையைத் திரும்ப வாங்கிக் கொடுத்தீர்கள். உங்களிடம் படித்ததைத்தான் அவன் உங்களுக்குச் செய்தான்.

"அத்தான், காத்துதான். இன்னொருக்கா இறங்கி மெள்ள ஏறுங்க" என்றிருக்கிறான் இவன்.

"ஆமாலே, காத்துதான். இறக்கு" என்று நீங்களும் சொல்லியிருக்கிறீர்கள்.

அது காற்று இல்லை, மாரடைப்பு. தண்ணீருக்குள் நீங்கள் நின்று நின்று ஏறின நேரமெல்லாம் இதயத்தின் ஒரு பக்கத்துக்கு ரத்தம் போகவில்லை. அங்கே தசை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்தது. கரைக்கு வந்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து மதுரைக்கு அனுப்பி, அடைப்பை எடுத்த பிறகுதான் எங்களுக்கே இது புரிந்தது.

அங்கே இருந்த டாக்டரம்மாவை உங்களுக்கு நினைவிருக்கும். சின்ன வயது, கண்ணாடி போட்டவர், அவசரப்படாமல் பேசுவார். "தோல்ல காயம் பட்டா திரும்பத் தோல் வளருது. இதயத் தசை செத்தா அப்படி வளராது. அந்த இடத்துல தழும்புதான் வரும். தழும்பு துடிக்காது. மிச்சம் இருக்கிற தசைதான் எல்லாத்தையும் இழுக்கணும்" என்றார். பிறகுதான் ஸ்டெம் செல் என்ற வார்த்தையை நாங்கள் முதல் முதலாகக் கேட்டோம். எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜையில் அது இருக்கிறதாம். இன்னதாக ஆவேன் என்று இன்னும் முடிவு பண்ணாத பிள்ளை மாதிரியாம். இடுப்பெலும்பிலிருந்து எடுத்து, சுத்தம் பண்ணி, இதயத்துக்குள் விட்டால் செத்த இடத்தைச் சரி பண்ண உதவுமா என்று பார்க்கிறார்களாம்.

"புதுத் தசையா மாறுமா, இல்ல பக்கத்துல இருக்கிற தசைக்குத் தெம்பு குடுக்குமா, எங்களுக்கே இன்னும் தெரியாது. தெரிஞ்சுக்கத்தான் இந்த ஆராய்ச்சி. எலும்புல எல்லாருக்கும் எடுப்போம். பாதிப்பேருக்கு அந்தச் செல்லை விடுவோம். பாதிப்பேருக்கு வெறும் உப்புத்தண்ணி. யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. வேண்டாம்னா வேண்டாம், மத்த வைத்தியம் எப்பவும் போல நடக்கும்" என்றார்.

"உப்புத்தண்ணியா? அத நான் பொறந்ததுல இருந்து குடிச்சிட்டுத்தான டாக்டரம்மா இருக்கேன்" என்றீர்கள். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்றைக்கே கையெழுத்துப் போட்டீர்கள்.

குப்புறப் படுக்க வைத்து எலும்பில் ஊசி போட்டு எடுத்தார்களே, அன்று சாயங்காலம் என்னிடம் சொன்னீர்கள்: "ஏளா, இனிமே எனக்கு நெஞ்சு வலிச்சா இடுப்புக் குறுக்குல தைலம் தேய்." அடுத்து, தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு இதயம் வரைக்கும் கொண்டுபோகப் போகிறோம் என்று சொல்லி உங்களைத் தள்ளிக்கொண்டு போனபோது, கதவு வரைக்கும் வந்த சூசையைப் பார்த்து, "ஏலே மாப்ளே, உள்ள என் குழாய எவனோ பிடிக்கப் போறாம்லா. ஒரு கண்ணு வச்சுக்கோ" என்றீர்கள். நீங்கள் விளையாட்டாகத்தான் சொன்னீர்கள். கதவு மூடியதும் அவன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். அதை நீங்கள் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் உங்களைவிட அவன்தான் உங்கள் நெஞ்சைக் கவனித்தான். காலையில் மீனைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இன்னைக்கு எப்படிக்கா?" என்பான். நீங்கள் கோயில் வரைக்கும் உட்காராமல் நடந்துவிட்டால், "பாத்தியா, உள்ள போயிருக்கு. அது வேலை செய்யுது" என்பான். கால் வீங்கினால் அன்றைக்கு மீன் மட்டும் வரும், அவன் வர மாட்டான். எக்கோ எடுத்ததில் இதயம் ரத்தம் தள்ளுவது கொஞ்சம் கூடியிருக்கிறது என்று பிரின்சி படித்துச் சொன்னாளே, அன்றைக்குத் தெருவுக்கே கேசரி வாங்கிக் கொடுத்தான். அந்தக் 'கொஞ்சம்' நிலைக்கவில்லை. அடுத்த முறை பழையபடி குறைந்திருந்தது. மறு வருஷம் தவக்காலத்தில் நீங்கள் போய்விட்டீர்கள்.

அடக்கத்தன்று ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டுப் போனவன், அதன் பிறகு நம் வாசல் மிதிக்கவில்லை. வல்லத்துக்கும் போகவில்லை. உப்பளத்தில் லாரிக்கு மூட்டை தூக்கப் போனான். உப்பு பட்டுப் பட்டு அவன் தோளெல்லாம் வெந்துபோயிருக்கிறது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். கோயில் சாமியார் கூப்பிட்டுப் பேசினார். உன் மேல் தப்பு இல்லை என்றார். பிரின்சி சொன்னாள். நானும் ஆள் விட்டுச் சொன்னேன். எல்லாரும் இல்லை, இல்லை என்றோம். அவன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, திரும்ப மூட்டை தூக்கப் போய்விடுவானாம்.

ஆஸ்பத்திரி போன் வந்த மறுநாள்தான் அவன் நம் வீட்டு கேட்டுக்கு வெளியே வந்து நின்றான். ஆள் பாதியாக இருந்தான்.

"உள்ள வாலே."

"இங்கனயே நிக்கேன்க்கா. போன் வந்துச்சாமே."

"யாரு சொன்னா? பிரின்சியா? அவ வாயில ஒண்ணு தங்காது."

"போவோம்க்கா. எனக்குத் தெரியணும்."

"தெரிஞ்சு என்னலே பண்ணப் போற?"

"நிஜ மருந்து உள்ள போயும் அவரு பிழைக்கலன்னா, அந்த மருந்தாலயே தூக்கி நிறுத்த முடியாத அளவுக்கு நான் கெடுத்து வச்சிருக்கேன்."

"வெறும் தண்ணின்னா?"

கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "தண்ணின்னா, நான் கெடுத்ததச் சரி பண்ண ஒரு வழி இருந்துருக்கு. அதுவும் அவருக்குக் கிடைக்கல. எதுன்னாலும் ஒண்ணுதான்க்கா. தெரிஞ்சுட்டா முடிஞ்சிரும்."

என்ன முடிந்துவிடும் என்று நான் கேட்கவில்லை அத்தான். கேட்கப் பயமாக இருந்தது. நீங்கள் போன வீட்டிலிருந்து இன்னொருத்தனும் போகப் போகிறான் என்பது மட்டும் தெரிந்தது. தனியாக விட்டால் தனியாகவே போய்க் கேட்டுவிடுவான். "சரி, சேர்ந்து போவோம்" என்றேன்.

பஸ்ஸில் எட்டயபுரம் தாண்டி, அருப்புக்கோட்டை தாண்டி, மதுரை வரைக்கும் அவன் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "ஒரு டீயாவது குடிலே" என்றால், "நீ குடிக்கா" என்பான். ஜன்னல் பக்கம் அவனை உட்கார வைத்திருந்தேன். வெளியே பார்க்காமல் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு வந்தான்.

ஆஸ்பத்திரியில் அவனை டோக்கன் வாங்க வரிசையில் நிறுத்திவிட்டு, நான் மட்டும் முன்னால் டாக்டரம்மாவிடம் போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டரம்மா, ஒரு உபகாரம் பண்ணணும். எந்தம்பி வந்திருக்கான். அவன்தான் அவரத் திரும்பத் தண்ணிக்குள்ள இறக்குனவன். அவன்கிட்ட நீங்க ஒரு பொய் சொல்லணும்."

அவர் திட்டவில்லை. "என்ன சொல்லணும்னு சொல்லுங்க" என்றார்.

வாயைத் திறந்தேன். மருந்து என்று சொல்லச் சொல்வதா? தண்ணி என்று சொல்லச் சொல்வதா? ஊரிலிருந்து இவ்வளவு தூரம் ஒரு பொய்யைக் கேட்டு வாங்க வந்துவிட்டு, எந்தப் பொய் என்று யோசிக்காமல் வந்திருக்கிறேன். எதைச் சொன்னாலும் அது அவன் கழுத்தில்தான் விழும். நீங்கள் இருந்திருந்தால் எதைச் சொல்லச் சொல்லியிருப்பீர்கள்?

"அவரையும் கூப்பிடுங்கம்மா" என்றார் டாக்டரம்மா.

சூசை வந்து உட்காரவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவர் நேராகச் சொன்னார். உங்களுக்குள் போனது நிஜ மருந்துதான் அத்தான். உங்கள் இடுப்பெலும்பில் எடுத்ததைத்தான் உங்கள் நெஞ்சுக்குள் விட்டிருக்கிறார்கள்.

சூசை கட்டியிருந்த கையை எடுத்துவிட்டு வாசல் பக்கம் திரும்பினான்.

"ஆனா இதையும் கேளுங்க" என்றார் அவர். "செல் போனவங்களுக்கும் தண்ணி போனவங்களுக்கும் பெருசா வித்தியாசம் இல்லை. நாங்க எதிர்பார்த்தது நடக்கலை. விட்ட செல்லுல ரொம்பக் கொஞ்சம்தான் அங்க தங்கியிருக்கு. ஓயாம துடிக்கிற இடம் இல்லையா, மிச்சத்தை ரத்தம் அடிச்சுட்டுப் போயிடுது."

அது எனக்குப் புரிந்தது. அலை அடிக்கிற இடத்தில் எதை வைத்தாலும் அப்படித்தானே. "அப்ப இத விட்டுட்டீங்களா?" என்று கேட்டேன். "விடலைம்மா. இப்ப செல்லைத் துணித்துண்டு மாதிரி வளர்த்து, அதை இதயத்து மேல ஒட்டவச்சு நிக்குதான்னு பார்க்கிறாங்க. அதுவும் இன்னும் ஆராய்ச்சிதான். சும்மா விட்டா நிக்காதுன்னு கத்துக்கிட்டதே உங்க வீட்டுக்காரர் மாதிரி ஆட்கள் சம்மதிச்சதாலதான்" என்றார். என்றைக்காவது ஒரு நாள் யாரோ ஒருத்தன் நெஞ்சில் அது நிற்கட்டும். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

சூசை இதில் எதையும் காதில் வாங்கவில்லை. "நான் திரும்ப இறக்குனதாலதான அவரு நெஞ்சு செத்துச்சு?" என்றான்.

டாக்டரம்மா அதையும் மறைக்கவில்லை. "தாமதம் ஆக ஆகத் தசை சாகும். நீங்க உடனே கரைக்குத் திருப்பியிருந்தா கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கலாம். எவ்வளவு மிச்சம் இருந்திருக்கும், அது போதுமா இருந்திருக்குமா, என்னால சொல்ல முடியாது. ஆனா ஈசிஜி இல்லாம நடுக்கடல்ல நின்னு பார்த்திருந்தா, அது காத்தா மாரடைப்பான்னு எனக்கும் தெரிஞ்சிருக்காது."

"அப்ப நான்தான்" என்றான்.

இல்லைலே என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதைத்தானே இத்தனை நாளும் எல்லாரும் சொன்னோம்? அதைச் சொல்லிச் சொல்லித்தானே அவனைத் திரும்பத் திரும்ப உப்பளத்துக்கு அனுப்பினோம்? அவன் முகத்தைப் பார்த்தேன். இல்லை என்ற வார்த்தையை இன்னொரு முறை கேட்க அவனிடம் தெம்பு இல்லை.

"ஆமாலே" என்றேன். "நீதான் இறக்குன."

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"அவரும் இறக்குன்னாரு, நீ இறக்குன. அது தப்பாப் போச்சு. அந்தத் தப்புல எம் புருசன் நெஞ்சு பாதி செத்துப்போச்சு. எனக்குத் தெரியாதா? முதல் நாள்ல இருந்து எனக்குத் தெரியும்லே. தெரிஞ்சுதான் நீ கொண்டு வந்த மீனக் கொழம்பு வச்சேன். தெரிஞ்சுதான் உனக்கும் சேத்து உலை வச்சேன். நீ இறக்கலேன்னு சொன்னாத்தான் எனக்குத் தம்பியா? இறக்குனவன் எந்தம்பி இல்லன்னு நான் எப்பலே சொன்னேன்?"

அத்தான், உங்களைக் குழியில் இறக்கியபோதுகூட அவன் அழவில்லை. அந்த அறையில் தரையில் உட்கார்ந்து, என் காலடியில் தலையை வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதான். டாக்டரம்மா வெளியே இருந்தவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

நல்லது செய்தேனா, கெட்டது செய்தேனா என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எனக்குப் பதற்றம்தான். அங்கே வந்ததும், "அக்கா, பசிக்கு" என்றான். இட்லிக் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து அவன் தின்றதைப் பார்த்துக் கடைக்காரர், "எந்த ஊரு அண்ணாச்சி, பஞ்சம் பிழைக்க வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டார். இவனும் சட்னி வழிய, "தூத்துக்குடி. அங்க இட்லி கல்லு மாதிரி இருக்கும், அதான்" என்றான். நான் அவித்த இட்லியைத்தான் சொல்கிறான். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

உப்பளத்தை விட்டுவிட்டான். உங்களோடு குளித்த லூர்து அண்ணனின் பெண்சாதிக்குக் கூடப்பிறந்த ஆண் யாரும் இல்லை. அவர் வந்து, "என் குழாயப் பிடிக்க வாரியாலே?" என்று கேட்டார். சூசை நம்பாமல், "என்னையவா?" என்றானாம். "உன்னையத்தான். தப்பு எப்படி இருக்கும்னு தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான்" என்றாராம்.

போன வாரம் லூர்து அண்ணன் மேலே வந்ததும் நெஞ்சு எரிகிறது என்றிருக்கிறார். அவ்வளவுதான், சங்கையும் பார்க்கவில்லை, சாமானையும் பார்க்கவில்லை, வல்லத்தை அப்படியே கரைக்குத் திருப்பிவிட்டான் இவன். "ஏலே, காத்தா இருக்கும்லே, இறக்கிப் பாரு" என்று பக்கத்து வல்லத்தில் கத்தினார்களாம். காது கேட்காதவன் மாதிரி வந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தால் இதயம் நன்றாக இருக்கிறது. ராத்திரி தின்ற புரோட்டாவும் சால்னாவும்தான் எரித்திருக்கிறது.

ஊர் சும்மா இருக்குமா? "சூசை, எனக்கு ஒரு ஏப்பம் வந்துச்சுப்பா, ஆம்புலன்ஸ் சொல்லு" என்று கடற்கரையெல்லாம் கேலி. லூர்து அண்ணனே, "ஒரு நாள் குளிப்பக் கெடுத்துட்டியேலே, பாவி" என்று முதுகில் ஒன்று போட்டார். சூசையும் சிரித்தான் அத்தான். அவர் பெண்சாதி மட்டும் சிரிக்கவில்லை. நம் வீட்டுக்கு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். அவள் போன பிறகு நான் உங்களை நினைத்து அழுதேன். அன்றைக்கும் வல்லம் அப்படித் திரும்பியிருந்தால் என்று நினைத்துத்தான் அழுதேன். அந்த நினைப்பு போகாது. போகும் என்று நான் உங்களிடம் சொல்ல மாட்டேன்.

இதைப் படிக்கிற குளிகாரர்களே, நெஞ்சோ தோளோ வலித்தால் காற்று என்று நீங்களாக முடிவு பண்ணித் திரும்ப இறங்காதீர்கள். கரைக்கு வாருங்கள். உண்மையிலேயே காற்றாக இருந்தாலும் அதைப் பார்க்கவும் டாக்டர் இருக்கிறார். ஊர் கேலி பண்ணினால் பண்ணட்டும்.

அத்தான், சூசை இன்னமும் சில நாட்களில் சாப்பிட உட்காரும்போது கையைச் சோற்றில் வைத்துக்கொண்டே, "நான்தானக்கா?" என்று கேட்கிறான். இனிமேலும் கேட்பான். அவன் கேட்கிற ஒவ்வொரு தடவையும் பொய் சொல்லாமல் ஆமாம் என்று சொல்லுவேன். சொல்லிவிட்டு, இன்னும் ஒரு அகப்பை சோறு வைப்பேன். நான் இருக்கிற வரைக்கும் இந்த இரண்டில் ஒன்றைக்கூட நிறுத்த மாட்டேன்.

என்றும் உங்கள் பெண்சாதி,
அவனுக்கு அக்காள்,
ரெஜினா